கட்டத்துக்குள் அடங்காத கையெழுத்து

தனக்கு வலிப்பு நோய் இருக்கிற விஷயம் செலினாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் தெரிந்தது. செல்போனுக்கு வந்த ஒரு கடிதம் அதைச் சொன்னது.

செண்பகனூர் வீட்டு அடுக்களையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். கடிதம் விமான நிறுவனத்திலிருந்து வந்திருந்தது. பெங்களூரில் மருத்துவப் பரிசோதனைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள் என்று நினைத்துத்தான் திறந்தாள். அவர்கள் எழுதியிருந்தது இது: உங்கள் வேலை விவரத்தைச் சரிபார்க்கக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினோம். நீங்கள் ராஜினாமா செய்யவில்லை என்றும், வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக இந்த வாரத்திலிருந்து நீண்ட மருத்துவ விடுப்பில் இருக்கிறீர்கள் என்றும் பதில் வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் நீங்கள் இதைத் தெரிவிக்கவில்லை. பத்து நாளுக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் விமானிப் பயிற்சியில் உங்கள் இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

மூன்று தடவை படித்தாள். காபி டம்ளரை மேடையில் வைத்தபோது பாதி வெளியே கொட்டியது.

கண்ணாடி போட்டவர்கள் விமானம் ஓட்டலாம். ஒரு காலத்தில் கை முறிந்து எலும்பு சேர்ந்தவர்கள் ஓட்டலாம். வலிப்பு என்று ஒரு தடவை காகிதத்தில் ஏறிவிட்டால் அந்த ஆளை விமானி இருக்கையில் உட்கார வைக்க மாட்டார்கள். செலினாவுக்கு முப்பத்தொரு வயது. அந்தப் பயிற்சிக்கு முப்பத்திரண்டோடு கதவைச் சாத்திவிடுவார்கள். எழுத்துத் தேர்வு, கைக்கும் கண்ணுக்கும் வைத்த தேர்வு, ஆளைத் துருவித் துருவிக் கேட்ட நேர்முகம் எல்லாவற்றையும் இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட வேலைக்கு நடுவே முட்டி மோதித் தாண்டியிருந்தாள். இனி ஒரு தடவை எழுத அவளுக்கு வயது இல்லை.

ஏன் உனக்கு இந்த ஆசை என்று கேட்காத ஆள் கொடைக்கானலில் பாக்கி இல்லை. சின்ன வயதில் ஆகாயத்தைப் பார்த்து ஏங்கினாயா, சொந்தத்தில் யாராவது விமானியா என்றெல்லாம் கேட்டார்கள். அவளிடம் சொல்வதற்கு அப்படிக் கதை எதுவும் இல்லை. பிடித்திருந்தது, முயன்று பார்த்தாள், வந்தது. பண்ணைக்காட்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது ஏன் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அந்த வேலை பிடிக்குமா என்றும் கேட்கவில்லை. பழக்கூடையோடு வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். இப்போது மட்டும் எல்லோருக்கும் காரணம் வேண்டியிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் முறைப்படி ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தாள். போன வெள்ளிக்கிழமை பள்ளியில் கடைசி நாள். சால்வை போர்த்தினார்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் அழுதார்கள், தலைமையாசிரியர் பணி விடுவிப்பு ஆணை அலுவலகத்திலிருந்து தபாலில் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார். அதற்காகத்தான் வீட்டில் காத்திருந்தாள்.

கடிதத்தோடு அலுவலகம் அனுப்பியிருந்த நகல்களும் இருந்தன. மருத்துவ விடுப்பு விண்ணப்பம் ஒன்று, டாக்டர் சான்றிதழ் ஒன்று. விண்ணப்பத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முத்து முத்தான எழுத்து. ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. கீழே 'ம. செலினா' என்று கையெழுத்து, அதன் அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

முன்னறையில் மரியசூசை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செலினாவின் அப்பா. மலைக்குக் கீழே இருக்கிற அந்தக் கல்வி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையிலிருந்தும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இன்றைக்கும் மலைக்கிராமமான போளூரிலிருந்து ஒரு ஆசிரியருக்கு மாறுதல் வேண்டுமென்றால் முட்டைக்கோஸ் மூட்டையோடு இவர் வீட்டுக்குத்தான் வருவார்.

"என்னப்பா இது?"

நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் படித்தார். முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். எரிச்சல்தான் வந்தது.

"இந்த ஜெயமுருகனுக்கு அறிவே கெடையாது. வெளி ஆளுக்கு நோய்ப் பேரையெல்லாமா எழுதுவாங்க? 'மருத்துவ விடுப்பில் உள்ளார்'னு நிப்பாட்டியிருக்கணும். செக்‌ஷன்ல உக்கார வச்சு எத்தனை வருசம் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப இதச் செஞ்சது நீங்கதான்."

"நான் செய்யாம பெறகு யாரு செய்வா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது கவர்மெண்ட் வேலை தாயி. விட்டா விட்டதுதான். லீவுன்னா வருசக்கணக்கா அப்படியே கெடக்கும். நீ போ, பிளேன் ஓட்டு, யாரு வேணாம்னா? அங்க ஒத்து வரலைன்னா ஃபிட்னஸ் சர்டிபிகேட் குடுத்துட்டு வந்து சேந்துக்கோ. உன் ராஜினாமா லெட்டர ஜெயமுருகன் மேல அனுப்பாம வச்சிருக்கான். நான்தான் சொன்னேன்."

"அதுக்கு வலிப்பா எழுதுவீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் விளக்க ஆரம்பித்தார். காய்ச்சல் என்று எழுதினால் ஒரு வாரம் கிடைக்கும். முதுகுவலிக்கு ஒரு மாதம், அதற்கு மேல் ஸ்கேன் கேட்பார்கள். எலும்பு முறிவு என்றால் மாவுக்கட்டைக் காட்ட வேண்டும். வலிப்பு ஒன்றுதான் வெளியில் தெரியாது. நேற்று வந்தது, இன்றைக்கு வரவில்லை என்றால் எந்த மருத்துவக் குழுவும் இல்லையென்று சாதிக்க முடியாது. அலுவலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேரை இந்த நோயால் காப்பாற்றி விட்டிருக்கிறாராம். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

"வலிப்பு வந்த ஆளை பிளேன்ல ஏத்த மாட்டாங்கப்பா."

"ஏன் ஏத்தாம? நம்ம உபதேசியார் சம்சாரத்துக்கு வலிப்பு உண்டு. போன மாசம் துபாய் போயிட்டு வரல?"

"அவங்க பின்னாடி உக்காந்து போனாங்க. நான் முன்னாடி உக்காரணும்!"

மரியசூசை கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். சட்டென்று பேப்பரை மடிக்க ஆரம்பித்தார். அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை என்று அப்போது செலினாவுக்குப் புரிந்தது. அது அவள் கோபத்தை ஒரு சொட்டும் குறைக்கவில்லை. தெரிந்து கெடுத்திருந்தால் சண்டை போட்டுத் தீர்க்கலாம். நல்லது செய்கிறேன் என்று கெடுத்தவரை என்ன சொல்லித் திட்டுவது?

அம்மா ஞானசவுந்தரி கதவருகே வந்து நின்றாள். "அப்பா உன் நல்லதுக்குத்தான பாப்பா..."

"அந்த வார்த்தைய இந்த வீட்ல இனி யாரும் சொல்லக் கூடாது," என்று செலினா கத்தினாள். அவள் கத்தி அந்த வீடு கேட்டதில்லை. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

இன்னொன்றும் இப்போது அவள் நினைவுக்கு வந்தது. ராஜினாமா விஷயம் தெரிந்த முதல் வாரம் அப்பா வீட்டையே இரண்டாக்கினார். சாப்பிடவில்லை, பேசவில்லை. பிறகு திடீரென்று ஒரு நாள் அடங்கிப் போனார். நாலு சக்கரம் வைத்த நீலச் சூட்கேஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, "பெங்களூர் போகயில ஒதவும்" என்று கொடுத்தார். அப்பா மனது மாறிவிட்டது என்று நம்பி அன்றைக்கு அந்தச் சூட்கேஸைத் தடவித் தடவி அழுதிருந்தாள். அவர் அடங்கியது விண்ணப்பம் போட்ட அன்றைக்குத்தான் என்பது இப்போது தேதியைப் பார்த்ததும் தெரிந்தது. ஏமாந்ததைவிட, ஏமாந்து நன்றி சொன்னதுதான் அவளை அதிகம் அறுத்தது.

"கெளம்புங்க," என்றாள். "ஆபீசுக்குப் போறோம். இப்பவே."

கீழே இறங்குகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவர் சொல்லிக்கொண்டே வந்தார். "நான் பேசிக்கிறேன். நீ வாயத் தெறக்காத. ஜெயமுருகன்கிட்ட சொல்லி வேற மாதிரி ஒரு ரிப்ளை போட வச்சிருவோம். வெரசா முடிஞ்சிரும்." அவள் செல்போனில் அந்த நகல்களையே மறுபடி பார்த்துக்கொண்டு வந்தாள். டம்டம் பாறைப் பக்கம் பஸ் நின்றபோது டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாமென்று தலையாட்டினாள்.

அலுவலகத்தில் எழுத்தர் ஜெயமுருகன் இவரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, "அண்ணே, வாங்கண்ணே" என்று ஓடி வந்தான். ஓய்வு பெற்று நாலு வருஷமான ஆளுக்கு அந்த அறையில் இன்னமும் அப்படி ஒரு மரியாதை. அவர் அவனை ஓரமாக ஒதுக்கிக் கிசுகிசுக்கத் தொடங்கியபோது செலினா நேராக அதிகாரியின் அறைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே இரண்டு பேரும் பதறிக்கொண்டு வந்தார்கள்.

அதிகாரி கண்மணி நிதானமான பெண். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. செலினா சொன்னதை முழுக்கக் கேட்டார். ராஜினாமா செய்தது நான், விடுப்பு விண்ணப்பம் என்னுடையது இல்லை, அதில் இருக்கிற கையெழுத்தை நான் போடவில்லை, எனக்கு எந்த நோயும் இல்லை. கேட்டுவிட்டு, "ஃபைலையும் எஸ்.ஆரையும் எடுத்துட்டு வாங்க ஜெயமுருகன்" என்றார்.

பணிப்பதிவேடு வந்தது. கண்மணி பக்கம் பக்கமாகப் புரட்டினார். பணியில் சேர்ந்த அறிக்கை, ஊதிய உயர்வு, விடுப்பு, பயிற்சி என்று எட்டு வருஷத்துக் கையெழுத்துகள். விடுப்பு விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ராஜினாமா கடிதத்தை இந்தப் பக்கம் வைத்தார்.

"மிஸ், ஒரு பேப்பர்ல அஞ்சு தடவை கையெழுத்துப் போடுங்க."

செலினா போட்டாள். கண்மணி பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இந்த ஃபைல்ல இருக்கிற எல்லாக் கையெழுத்தும் ஒண்ணுபோல இருக்கு. லீவு லெட்டர்ல இருக்கிறதும் அச்சு அசல் அதேதான். ஒத்துப் போகாதது ஒரே ஒரு கையெழுத்து. உங்க ராஜினாமால இருக்கிறது. இப்ப நீங்க போட்டதும் அந்த ராஜினாமா மாதிரிதான் இருக்கு. நான் எத நம்புறது?"

செலினா பதிவேட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். அந்த அம்மா சொன்னது உண்மை.

ஆறாம் வகுப்பில் உதவித்தொகைப் படிவம் ஒன்று வந்தது. கையெழுத்துப் போடக் கட்டம் போட்டிருந்தார்கள். அவள் போட்ட 'செ'யின் கொம்பு சாய்ந்து 'ம'வை இடித்தது, 'னா'வின் கால் கட்டத்தைத் தாண்டி வெளியே ஓடியது. மரியசூசை பதறிப்போய், "இப்படிப் போட்டா திருப்பி அனுப்பிருவான்" என்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறொரு படிவம் வாங்கி வந்து தானே போட்டார். அதிலிருந்து அதுவே வழக்கம் ஆயிற்று. கல்லூரி விண்ணப்பம், வேலைவாய்ப்புப் பதிவு, ஆசிரியர் தேர்வு எல்லாவற்றையும் அவரே எழுதி அவரே கையெழுத்திட்டார். தேர்வுக் கூடத்தில் அதே மாதிரி போட வேண்டுமே என்பதற்காக, அப்பா போடுகிற தன் கையெழுத்தை ஒரு வாரம் உட்கார்ந்து பழகிக்கொண்டு போனாள். அதை அந்தக் காலத்தில் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள். வேலையில் சேர்ந்த பிறகு அவர் அதே அலுவலகத்தில் இருந்ததால் படிவம் எதுவும் அவளைத் தேடி வரவே இல்லை. எல்லாம் வீட்டிலேயே தயாராகிவிடும். பள்ளி வருகைப் பதிவேட்டில் போடுவது இரண்டெழுத்துச் சுருக்கம். வங்கியில் ஆங்கிலம். அந்தத் தடித்த பதிவேட்டில் அவளுக்குச் சொந்தமானது முதல் பக்கத்தில் ஒற்றியிருந்த இடது கை விரல்களின் ரேகை மட்டுமே.

ராஜினாமா கடிதத்தை, கையெழுத்துக்குக் கட்டம் போட்ட அலுவலகப் படிவத்தில், அவருக்குத் தெரியாமல் எழுதினாள். கையெழுத்தைத் தன் கையால், தனக்கு வருகிற மாதிரி போட்டாள். அப்போது அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

கோபம் இப்போது அவள் பக்கமே திரும்பியது. இருபது வருஷம் பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது யார்? அவள்தானே? எத்தனை சுகமாக இருந்தது அது!

"அதெல்லாம் எங்கப்பா போட்டது மேடம்," என்றாள். "ஆரம்பத்துல இருந்தே அவருதான் போடுவாரு."

கண்மணி மரியசூசையைப் பார்த்தார். ஜெயமுருகன் அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே..." என்றான் மெதுவாக. வேண்டாம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருந்தது.

மரியசூசை தொண்டையைச் செருமினார். "மேடம், பாப்பாவுக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல. ராத்திரி தூக்கமும் இல்ல. அதான் இப்படி ஏதாச்சும் பேசுது. நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

செலினாவுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. கை நடுங்கியது. நடுங்குகிற கையைப் பார்த்தால் இவர்கள் வலிப்பு என்று நம்பிவிடுவார்களே என்று பயந்து அதை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். கோபத்தில் நடுங்கக்கூட வழி இல்லாமல் செய்துவிட்டாரே என்று நினைத்ததும் அவளுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று.

எழுந்தாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள். பேனாவை மேலே வைத்தாள்.

"போடுங்கப்பா. என் பேர நீங்க எழுதுற மாதிரி எழுதுங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை.

"பயமா இருக்கா? பென்சன் போயிரும்னு பயமா? எனக்கு முப்பத்தொண்ணு வயசுப்பா. இன்னைக்கு நீங்க எழுதலைன்னா எனக்கு வலிப்புதான். பிளேனும் ஓட்ட முடியாது. காக்கா வலிப்பு டீச்சர்னு பேரு வாங்கிக்கிட்டு இந்த மலையிலயே கெடக்கணும். உங்களுக்கு அதான வேணும்? வச்சிக்கோங்க. நோயாளி மகள வீட்ல வச்சு, மாசாமாசம் லீவு லெட்டர் எழுதிக்கிட்டு உக்காருங்க!"

"சத்தம் போடாதீங்க மிஸ்," என்றார் கண்மணி. ஆனால் வெளியே போகச் சொல்லவில்லை. ராஜினாமா கடிதத்தை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நான் சொல்றத நீங்களும் கேளுங்க. நாளைக்கே நீங்க கோர்ட்டுக்குப் போயி, ராஜினாமா நான் குடுக்கலைன்னு சொன்னா மாட்டிக்கிறது நான். இந்தக் கையெழுத்தப் பாருங்க. கொம்பு ஒரு பக்கமா சாயுது, கால் கட்டத்த விட்டு வெளிய ஓடுது. யாரோ சின்னப் பிள்ளை போட்ட மாதிரி இருக்கு. இத ஒரு முதுகலை ஆசிரியை போட்டதுன்னு நான் எப்படி ஃபைல்ல எழுதுறது? சார், நீங்க பாத்துச் சொல்லுங்க. எத்தனை வருசம் இதே சோலி பாத்திருக்கீங்க."

தாளை மரியசூசையிடம் நீட்டினார். அலுவலகக் காகிதம் ஒன்று கைக்கு வந்தால் படிக்காமல் இருக்க அவரால் முடியாது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். 'செ'யின் கொம்பு 'ம'வை இடித்துக்கொண்டிருந்தது. 'னா'வின் கால் கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது.

அந்தக் காலை விரலால் தடவிப் பார்த்தார். அன்றைக்கு அவர் கிழித்துப் போட்ட உதவித்தொகைப் படிவத்தை அவரையும் மகளையும் தவிர அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை.

"இது பாப்பா கையெழுத்துதான் மேடம்," என்றார். "ஆறாப்புல இருந்து இப்படித்தான் போடும்."

பிறகு பேனாவை எடுத்தார். 'ம. செலினா' என்று எழுதினார். அடியில் கோடு, கீழே இரண்டு புள்ளி. பதிவேட்டில் இருந்து வெட்டி ஒட்டியது போல இருந்தது. கண்மணி அதையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஜெயமுருகன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அவர் நிறுத்தவில்லை. இன்னொரு தாள் கேட்டு வாங்கி, ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு மடித்து, எழுத ஆரம்பித்தார். பெறுநர், பொருள், பார்வை என்று எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தன. மேற்படி ஆசிரியையின் பெயரில் விடுப்பு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட்டது நான். மருத்துவச் சான்றிதழை அவர் அறியாமல் கேட்டு வாங்கியதும் நான். அவருக்கு எந்த நோயும் இல்லை. அவருடைய ராஜினாமா கடிதம் மேலே செல்லாமல் நிற்கக் காரணமும் நானே. இதில் அலுவலகப் பணியாளர் எவரையும் பொறுப்பாக்க வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரியைப் படித்ததும் ஜெயமுருகன் விம்மிவிட்டான்.

"சார்," என்றார் கண்மணி, "இத நான் வாங்கிட்டேன்னா மேல அனுப்பாம இருக்க முடியாது. உங்க பென்சன் வரைக்கும் போகும்."

"தெரியும் மேடம். எந்த விதிப்படி நடவடிக்கை எடுக்கலாம்னு கீழயே எழுதியிருக்கேன் பாருங்க. நீங்க தேட வேண்டியதில்ல."

கண்மணி பார்த்தார். எழுதித்தான் இருந்தது.

வலிப்பு என்று போன பதில் தவறானது, ராஜினாமா பரிசீலனையில் உள்ளது என்று விமான நிறுவனத்துக்கு அன்றைக்கே ஒரு கடிதம் போயிற்று. அதன் நகலைச் செலினா கையில் வாங்கினாள். இனியும் பெங்களூரில் அவளைச் சும்மா விட மாட்டார்கள். ஒரு தடவை எழுந்த சந்தேகம் என்று தலையில் வயரை ஒட்டிக் குடைந்து குடைந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும். இருக்கிற தலையைத்தானே பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் கொடைக்கானல் பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. சிமெண்ட் பெஞ்சில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவப் பரிசோதனைக்கான படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினாள். மரியசூசை ஒரு ஆள் இடம் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த மனிதர் தன் கடைசிக் காலத்துச் சோற்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் நெஞ்சு கனத்தது. கனத்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது. ஒழுங்காகக் கோபப்படக்கூட இவர் விட மாட்டார்.

அந்த ஆத்திரத்தில் பிறந்த தேதி கேட்ட இடத்தில் அன்றைய தேதியை எழுதிவிட்டாள்.

ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தாங்கவில்லை. "இங்க குடு தாயி, நான்..." என்று கை நீண்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கை பாதி வழியில் நின்று, திரும்பிப் போய்த் தொடைக்கு அடியில் பதுங்கிக்கொண்டது.

எதிரே நின்ற வேறேதோ பஸ்ஸைப் பார்த்தபடி அவர் சொன்னார். "அடிச்சு எழுதினா பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடணும்."

அவள் அடித்தாள். சரியான தேதியை எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். 'னா'வின் கால் வழக்கம் போலக் கட்டத்தைத் தாண்டி ஓடியது. அவர் பார்த்தார், பிறகு மறுபடி அந்தப் பஸ் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் வந்தது. செலினா ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில், ரோடு முழுக்கத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. மரியசூசை கம்பியைப் பிடித்துக்கொண்டு, உட்காரலாமா என்பது போல நின்றார். அவள் ஃபைலை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

"பின்னாடி நெறைய எடம் கெடக்குப்பா," என்றாள். "போயி உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார்.